மீன் தரும் நற்சான்று

ஆப்பிரிக்காவில் வெள்ளம் வடிந்தபின் மிஞ்சும் குட்டைகளில் வாழும் யானைமீன் அது. விரல் நீளம்தான் இருந்தது. அதன் உடம்பு ஓயாமல் விடும் மின்துடிப்பு, குழாயடிக்கு மேலே கட்டிய ஒலிபெருக்கியில் ‘டக் டக்’ என்று கேட்கும். தண்ணீர் கெட்டால் சத்தம் அடங்கிவிடும். தண்ணீர் சுத்தம் என்று எந்தக் காகிதத்தைக் காட்டினாலும் நம்பாத ஜனங்கள் மீன் சொன்னால் நம்பட்டும் என்றுதான் குடிநீர் நிலைய இன்ஜினியர் தணிகாசலம் அதை வரவழைத்தார். தன் அறையில் வைத்த தொட்டியில் ஊர்த் தண்ணீரை நிரப்பி அதை விட்ட அன்றே அது அடங்கிப்போனது. இத்தனூண்டு உடம்புக்கு என்ன திமிர் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இதுக்கு மட்டும் கேன் தண்ணி ஊத்துய்யா” என்றார் வாட்ச்மேனிடம். அதன்பிறகு ஒலிபெருக்கி ஓயவே இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டபடி பெண்கள் மஞ்சளாகக் கலங்கி வரும் தண்ணீரைக் குடத்தில் பிடித்துப் போவதை ஜன்னல் வழியே பார்த்து அவர் சிரித்துக்கொள்வார். இதுகளுக்கு இது போதும்.

ஒரு காலையில் அஞ்சலாட்சி என்பவள் குழாயடிக்குப் போகாமல் குடத்தோடு நேராக அவர் அறைக்குள் வந்தாள். தொட்டியடியில் அடுக்கியிருந்த காலி கேன்களைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள், செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பதுபோல. “மீனு நல்லாத்தான் கீது. எங்க புள்ளைங்கதான் வாந்தி எடுத்துக் கெடக்குதுங்க. இதுல ஒரு கொடம் மொண்டுக்கறேன் சார்” என்று அவர் பதிலுக்கு நிற்காமல் குடத்தைத் தொட்டிக்குள் அமிழ்த்தினாள். தெரு முழுக்க டக் டக் என்று கேட்டது. அவளுக்குப் பின்னால், குடங்களோடு வரிசை வாசலைத் தாண்டி நின்றது.