ரத்தக்குழாய்க்கு ஒரு டம்ளர்

“பாலிபீனால்!” என்று டம்ளரை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார் தாவீது.

எதிரே ஆப்பத்தைப் பிட்டுக்கொண்டிருந்த சம்பந்தம் வாயைப் பிளந்தார். இருவரும் தாம்பரம் ரயில்வேயில் ஒன்றாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். ஒன்றாகக் குடித்தவர்களும்கூட.

சிவப்பு ஒயினில் இருக்கும் அந்தச் சங்கதி, ரத்தக்குழாயின் உள்சுவர் புண்ணாகாமல் காக்கலாம் என்று பேப்பரில் போட்டிருந்தான். ‘காக்கலாம்’ என்பது தாவீதின் வாயில் அன்று மாலையே ‘காக்கும்’ ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் அது டாக்டரே எழுதிக்கொடுத்த மருந்தாகிவிட்டது.

அந்த டாக்டர் சொன்னதோ வேறு. மாரடைப்பு வந்த நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து, இனி பிராந்தியைத் தொட்டால் சங்குதான் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பாவம், டாஸ்மாக் வாசலை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டே மனுஷன் எத்தனை நாள்தான் வாக்கிங் போவார்? பேப்பர்காரன் நல்லா இருக்கட்டும்.

ஆச்சரியம் என்னவென்றால், மனைவி ஜான்சி மல்லுக்கு நிற்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடுகிற ஜாடியைப் பரணிலிருந்து இறக்கினாள். திராட்சையும் ஈஸ்டும் வாங்கி வரச் சொன்னாள். இப்போது தினமும் ஜெபம் முடிந்ததும் ஒரு டம்ளர், அவள் கையாலேயே. அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

“எனக்கும் ரத்தக்குழாய் கீதுபா” என்று டம்ளரைப் பறித்தார் சம்பந்தம்.

ஜான்சியின் முகம் வெளுத்தது. “அண்ணா, இன்னொரு ஆப்பம் வைக்கட்டுமா?” என்றாள் அவசரமாக. ஆப்பம் பஞ்சு மாதிரி இருக்கிறதென்று வந்ததிலிருந்து அவர்தான் புகழ்ந்துகொண்டிருந்தார்.

சம்பந்தம் ஒரு மடக்கு குடித்தார். சப்புக்கொட்டினார். புருவம் மேலே ஏறியது.

“இன்னா தாவீது, இது வெறும் திராட்ச ஜூ...”

மேஜைக்கடியில் தாவீது அவர் காலை ஓங்கி மிதித்தார்.

“...ஜோரா கீது” என்று முடித்தார் சம்பந்தம், கண்ணில் தண்ணீரோடு.

முப்பது வருஷம் குடித்த தாவீதின் நாக்குக்கு முதல் நாளே தெரியாதா? காய்ச்சி வடிகட்டிய திராட்சைச் சாறு. வாங்கி வந்த ஈஸ்ட் பூராவும் ஆப்ப மாவில் அல்லவா பொங்கிக்கொண்டிருந்தது! அன்றைக்கே எழுந்து ஒரு கத்து கத்தியிருப்பார். திரும்பிப் பார்த்தால், ஜான்சி அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்த அதே பயந்த முகம். மிச்சத்தையும் குடித்து வைத்தார்.

இப்போது சம்பந்தத்திடமிருந்து டம்ளரை வாங்கிக் காலி செய்துவிட்டு எழுந்தார். வேண்டுமென்றே ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

“ஜான்சி, லேசா ஏறிடுச்சும்மா. கையைப் புடி.”

ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

“ஒரு டம்ளருக்கே இப்படியா? நாளையிலிருந்து அரை டம்ளர்தான்.”