வராதவர்

“மைக்க மூடு ஸாஜித்! பள்ளி ஸ்பீக்கர் சத்தத்துல ஓதுறது ஒண்டும் விளங்குதில்ல.”

திருகோணமலை டவுனில், தம் அறையிலிருந்து இணையவழி மத்ரஸா நடத்தும் அபூதாஹிர் மௌலவி எரிந்து விழுந்தார். அவருடைய சொந்த ஊரும் மாணவர்களின் ஊருமான கிண்ணியாவில், யாரோ மௌத்தானதற்குப் பள்ளிவாசல் தரும் மரண அறிவித்தல் அது. பெயர் சொல்லுமுன் மைக் மூடிக்கொண்டது.

கமெராவை அணைக்கக் கூடாது, பாடத்தின் நடுவே அழைப்பு எடுக்கக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். தம் ஃபோனையும் அணைத்தே வைத்திருந்தார்.

சற்றைக்கெல்லாம் திரையிலிருந்த முகங்கள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின.

“கேக்காமப் போற ஒருத்தனுக்கும் இண்டைக்கு வரவு இல்ல! மௌத்து வீட்டுக்குப் போக, பாடத்த விடுறதா?”

கடைசியில் ஸாஜித் மட்டும் மிஞ்சினான். அவன் வாய் அசைந்துகொண்டே இருந்தது, சத்தம் வரவில்லை.

“மைக்கத் திறந்து கதை. நீ ஏன் போகல்ல?”

“உங்களுக்குச் சொல்ல ஒருத்தன் இரிக்கோணுமெண்டு என்ன விட்டுட்டுப் போனாங்க, உஸ்தாத். எல்லாரும் ஊருல உங்கட வீட்டதான் நிக்கிறாங்க. உங்கட உம்மாட ஜனாஸாவுக்கு நீங்க மட்டுந்தான் இன்னும் வரல்ல.”