மஞ்சள் பக்கத்து வாக்கு

பஸ் தரிப்பில் நின்றது பிரதீபாதான்.

எல்ஸ்மியர் வீதியில், பாதி உருகிய பனிச்சேற்றுக்குப் பக்கத்தில், ஜக்கற்றின் தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு நின்றாள். நான் ஓட்டி வந்த வானின் வேகத்தைக் குறைத்தேன்.

"நிப்பாட்டாதை மகேசு," என்றார் பின்னால் இருந்த கிறிஸ்துநாயகம் அங்கிள். "உவ ஜனார்த்தன்ர மனுசியெல்லே. அவனுக்கு விழப்போற வோட்டை நாங்களே ஏத்திக்கொண்டு போறதோ?"

அவர் சொன்னதில் பிழையில்லை.

இன்று நொமினேசன் வாக்கெடுப்பு. அடுத்த தேர்தலில் இந்தத் தொகுதியில் கட்சிக்காக யார் நிற்பது என்று கட்சி உறுப்பினர்களே தெரிவு செய்யும் நாள். ஒரே கட்சி. போட்டியிடும் இருவரும் தமிழர். அனோஜாவுக்கு ஊதா, ஜனார்த்தனுக்கு மஞ்சள். யார் வென்றாலும் ஒன்றிரண்டு வாக்கில்தான் வெல்லலாம் என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஜக்கற்றுக்கு மேல் ஊதா ரீசேட் போட்டிருந்தேன். டோர்செட் பார்க் மாடிக் கட்டடங்களில் ஆட்களை ஏற்றி, வாக்கெடுப்பு நடக்கும் மோர்னிங்சைட் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்குவது என் வேலை. காலையில் இருந்து இது எத்தனையாவது ஓட்டம் என்று எனக்கே தெரியாது. எந்தப் பக்கத்து வானில் ஏறினாயோ, எந்தப் பக்கத்துச் சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டாயோ, அந்தப் பக்கத்துக்கே வாக்குப் போட வேண்டும். அதுதான் எங்கள் சனத்தின் மரியாதை. சிலர் இரண்டு பார்சலையும் வாங்கிக்கொண்டு இரண்டு பக்கமும் தலையாட்டுவார்கள் என்பது வேறு கதை.

போன தேர்தல் வரைக்கும் நாங்கள் எல்லோரும் ஒன்றாகத்தான் வாக்குக் கேட்டுக் கதவு தட்டினோம். ஒரே பிளாஸ்கில் தேநீர் குடித்தோம். இப்போது கோயிலில்கூட ஊதாவும் மஞ்சளும் தள்ளித் தள்ளித்தான் நிற்கிறோம்.

ஜனார்த்தன் இந்த நாட்டுக்கு வந்தபோது விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டி வந்தவன் நான். அவன் போட்ட முதல் குளிர் ஜக்கற் என்னுடையது. கட்சியில் சேர்த்துவிட்டதும் நான்தான். இந்த முறை அனோஜா நிற்கட்டும், நீ கொஞ்சம் பொறு என்றேன். நாலு பேருக்கு முன்னால் என்னைத் துரோகி என்றான். எங்கள் ஆட்களிடையே அந்தச் சொல்லுக்கு என்ன பாரம் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதன் பிறகு எங்களுக்குள் கதை பேச்சு இல்லை.

ஆனாலும் பிரதீபாவை அந்தக் குளிரில் விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. மஞ்சள்காரருக்கு எங்களைவிடக் கூடுதலாக வான் ஓடுகிறது. அத்தனை வான் ஓடியும், வேட்பாளரின் மனைவியை ஏற்ற ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. வேறு யாராவது ஏற்றுவார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள்.

நிறுத்தினேன்.

அவள் ஏறியதும் வானுக்குள் இருந்த கதையெல்லாம் நின்றுபோனது. தவமணி அன்ரி மட்டும் நகர்ந்து இடம் விட்டார். பிறகு, செய்தது சரியோ என்று யோசிப்பவரைப் போல யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிரதீபா கண்ணை மூடிக்கொண்டாள். கன்னம் வற்றிப்போயிருந்தது. இந்த நொமினேசன் எல்லோரையும் ஒரு சுற்று மெலிய வைத்திருக்கிறது.

ஒரு வாக்கால் தோற்றால், அந்த ஒரு வாக்கை ஏற்றி இறக்கியவன் நான் என்றுதான் சொல்லப்போகிறார்கள். துரோகிப் பட்டம் ஊதாப் பக்கத்திலும் கிடைக்கும். சொல்லட்டும் என்று இருந்தது. அவ்வளவு அலுப்பு.

பள்ளிக்கூடத்துக்கு முந்திய சந்தியில், முதியோர் இல்லத்துக்கு முன்னால், "இதில இறக்கிவிடுங்கோ அண்ணை," என்றாள்.

"வோட் போடேல்லையோ?"

"வேலை. இரவு வரைக்கும் ஷிப்ற்."

"ஒருத்தரும் மாறித் தரேல்லையோ?"

"நான் கேக்கேல்லை."

அப்போதுதான் ஜக்கற்றுக்குக் கீழே அவளுடைய வேலைச் சீருடையைக் கவனித்தேன்.

கிறிஸ்துநாயகம் அங்கிள் ஆறுதலாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. மஞ்சளுக்கு ஒரு வாக்குக் குறைந்துவிட்டது. எனக்கும் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இறங்கியவள் உள்ளே போகாமல் வானைச் சுற்றி வந்து என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினாள். இறக்கினேன். கைப்பைக்குள் இருந்து ஒரு பிளாஸ்ரிக் பெட்டியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"உங்கட தம்பி பிரஷர் குளிசை போடுறேல்லை அண்ணை. நான் சொன்னால் கேக்கிறாரில்லை. கூடப் பிறந்த நீங்கள் சொல்லிப் பாருங்கோ."

பதிலுக்கு நிற்காமல் நடந்து போனாள்.

கிழமையின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மூடி போட்ட பெட்டி. திறந்து பார்த்தேன். திங்களில் இருந்து இன்று வரைக்கும் ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை.

எங்கள் அப்பாவைக் கொண்டுபோனதும் இதே பிரஷர்தான். குளியலறையில் விழுந்து கிடந்தவரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கியது நானும் ஜனார்த்தனும்.

பின்னால் இருந்து கிறிஸ்துநாயகம் அங்கிள்தான் தொண்டையைச் செருமினார்.

"சுணங்காமல் ஓடு மகேசு. அவன் பேச மேடையில ஏற முந்திக் குடுத்திடு."

அடுத்த சிவப்பு விளக்கில் ஊதா ரீசேட்டைக் கழற்றி இருக்கைக்குக் கீழே போட்டேன். அதோடு போனால் மஞ்சள் பக்கத்தில் என்னை உள்ளே விடமாட்டார்கள்.