கோட்டுப் பைக்குள் என்ன?

ரிமாஸ் வலையிலிருந்து எதையோ கத்தியால் அறுத்து, நைசாகக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டதை எவால்ட்ஸ் பார்த்துவிட்டார்.

"என்னய்யா அது?"

"ஒண்ணுமில்ல தம்பி. வலையைப் பிடி."

தம்பியாம்! ரிமாஸைவிட எவால்ட்ஸுக்கு நாலு வயது கூடுதல். லிதுவேனியாக்காரர்களுக்கு லாட்வியாவில் பிறந்தவன் எல்லாம் தம்பிதான். அதைக் கேட்டாலே இவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பால்டிக் கடலைச் சுற்றியிருக்கிற நாடுகள் கூடிப் பேசி, அறுந்து மூழ்கிய வலைகளைத் தூக்கி எடுக்கிற வேலை இது. கேட்பாரற்ற வலை அடியில் கிடந்து மீனைக் கொன்றுகொண்டே இருக்குமே! ஒரு நாட்டுப் படகில் பக்கத்து நாட்டுக்காரர் ஒருவர் சாட்சியாக ஏற வேண்டும் என்று ஏற்பாடு. லாட்வியாவின் பாவிலோஸ்தா ஊர் மீனவர் சங்கத் தலைவரான எவால்ட்ஸ், லிதுவேனியாக்காரரான ரிமாஸின் படகில் ஏறியிருந்தார்.

ஏறும்போதே கரையில் மார்தட்டிவிட்டு வந்திருந்தார்.

"நம்ம ஊர் வலை ஒண்ணுகூட அடியில கிடக்காது. எல்லாம் அந்த லிதுவேனியாக்காரனுங்க போட்டது. சாயங்காலம் நிரூபிச்சுக் காட்டலைன்னா நான் தலைவனே இல்ல!"

நிரூபிக்க வழியும் இருந்தது. வலையின் மிதவைக் கட்டையில் ஒவ்வொரு குடும்பமும் தன் அடையாளக் குறியைச் சூடு போட்டுப் பொறித்து வைப்பது அந்தக் கரை முழுக்க வழக்கம். இந்த வலையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கட்டை.

அதைத்தான் இந்த ஆள் அமுக்கிவிட்டான். அவன் ஊர்க்காரன் எவனையோ காப்பாற்றுகிறான்!

சாயங்காலம் கரையில் மீன் சூப் கொதித்தது. எவால்ட்ஸின் மனைவி மிர்த்சா கரண்டியும் கையுமாக நின்றாள். ஊரே கூடியிருந்தது.

"ரிமாஸ்! பையில இருக்கறதை எல்லார் முன்னாலயும் எடு!"

"சூப்பைக் குடிப்போம் தம்பி. அப்புறம் பேசலாம்."

"திருட்டுக் கைக்கு சூப்பு ஒரு கேடா? எடுய்யா!"

"ஊருக்கு வந்தவரை இப்படியா பேசுறது?" என்று மிர்த்சா அதட்டினாள். அது அவர் காதில் ஏறவில்லை.

ரிமாஸ் சங்கடமாகச் சிரித்தார். கிட்டே வந்து, கைகுலுக்குவது போல இவர் கையைப் பிடித்து, எதையோ வைத்து விரல்களை மூடிவிட்டார்.

"சத்தம் போடாம வச்சுக்க" என்றார் மெதுவாக. பிறகு கூட்டத்தைப் பார்த்து, "புகையிலை டப்பாப்பா! உங்க தலைவர் அது மேல கண்ணு வச்சுட்டார்" என்று கண்ணடித்தார்.

எவால்ட்ஸ் விரல்களை விரித்தார். ஊறிப்போன மிதவைக் கட்டை. அதில் பொறித்த குறி, மூன்று கிளையோடு ஒரு மரம்.

கரையில் எல்லாரும் பார்க்க நிற்கிற அவருடைய படகின் முகப்பில் இருக்கிற அதே மரம். போன வருஷப் புயலில் அறுந்துபோய், யாரிடமும் மூச்சு விடாமல் அவர் விட்டுவிட்டு வந்த வலை.

அவமானத்தில் முகம் சிவந்தது. அதைவிட, அந்த மனுஷன் மேல் பொங்கிய பாசம்தான் தாங்க முடியவில்லை. கட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"என் வலைதான்!" என்றார், ஊருக்கே கேட்கும்படி.

பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"மிர்த்சா, முதல் கிண்ணம் அண்ணனுக்கு ஊத்து."