கொடி இருக்கும் பக்கம்

மார்ச் 15, சனி. இன்று ஒரு பிழை விட்டேன். திரும்ப வேண்டிய சந்தியில் கொடியைக் கவனிக்காமல், முன்னால் போனவனைப் பார்த்துக்கொண்டு நேரே போய்விட்டேன். கடைசி ஆளாகத்தான் இறுதி ஓட்டத்துக்குத் தெரிவானேன். நாளை செய்ய வேண்டியது: யார் பின்னாலும் போகாமல் கொடியை மட்டும் பார்ப்பது.

மாலை வகுப்பில் நாட்குறிப்பு எழுதச் சொன்னதிலிருந்து சுதாகரன் ஒருநாளும் விட்டதில்லை. பேனாவை மூடிவிட்டு, ருவான்வெல்லை பஜாரில் றஊப் நானாவின் பேக்கரித் தரையில் சாய்ந்தான். நிவித்திகலயில் வாரம் முழுக்கத் தேயிலை ஃபேக்டரியில் நின்ற கால்கள், இன்று மிதித்த மிதியில் விண்விண்ணென்று வலித்தன.

ஞாயிறு நடக்கும் சைக்கிள் இறுதி ஓட்டத்தில் முதலில் வருபவனுக்கு மாகாண அணியில் இடம். அடுத்த வருடம் சுதாகரனுக்கு வயதெல்லை தாண்டிவிடும். இதை விட்டால் இன்னொன்று இல்லை.

மறுநாள் காலையில் போட்டியை நடத்தும் றஊப் நானாவே வழி சொன்னார். திரும்ப வேண்டிய இடத்தில் கொடி இருக்கும், கொடி இல்லாவிட்டால் நேரே போக வேண்டும். அவ்வளவுதான்.

உள்ளூர்க்காரன் ஆஸிக், கோதுமை மாச்சாக்கைக் கிழித்துச் செய்த கொடி ஒன்றைத் தூக்கிப் பார்த்தான். "வேற கலரே கெடைக்கலயா நானா? வெள்ளையப் பாத்தா மிதிக்கவே மனசு வருதில்ல."

"பேக்கரிக்காரன்ட கைல வேற என்ன துணி ஈக்கும்? பேசாம மிதி."

சுதாகரனுக்கு நம்பிக்கை வரவில்லை. கொடி இருந்தால் திரும்புவதுதானே என்று மறுபடியும் போய்க் கேட்டான். கேட்டதையே கேட்காதீங்க மகன் என்று நானா அவன் முதுகில் தட்டி அனுப்பினார்.

ரப்பர் தோட்டத்து ஏற்றம் வரை ஆஸிக் அவன் பின்சக்கரத்தை விடவே இல்லை. ஏற்றத்தின் பாதியில் மூச்சுச் சத்தம் பின்தங்கியது. சுதாகரன் திரும்பிப் பார்த்தான். தெருவில் ஒருவரும் இல்லை.

சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. தொண்டை காய்ந்து, தொடை மரத்து, சைக்கிள்தான் அவனை இழுத்துக்கொண்டு போவது போலிருந்தது.

வளைவு ஒன்றில், இடப்பக்கம் இறங்கும் தோட்டத்துப் பாதையில் வெள்ளைக் கொடி ஆடியது. நேரே போகும் தார் ரோடு அகலமாகத்தான் இருந்தது. நேற்றும் இப்படித்தான் கொடியைப் பார்க்காமல் நேரே போனேன் என்று நினைத்து, ஹேண்டிலை ஒடித்துத் திரும்பினான்.

சரியான வழிதான். போகப் போக இரண்டு பக்கமும் கொடிகள். இறுதி ஓட்டம் என்பதால் நானா மனம் வைத்துக் கட்டியிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டான். கொஞ்ச தூரத்தில், நேற்று ஓட்டம் முடிந்த இடத்தில் அடித்தது போலவே மேளச் சத்தமும் கேட்டது.

தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு முன்னால் பந்தல், நாற்காலிகள், நிறைய ஆட்கள். மிச்சமிருந்த உயிரையெல்லாம் காலில் இறக்கி மிதித்தான். கூட்டம் விலகி வழி விட, இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி பந்தலுக்குள் போய் நின்றான்.

ஒருவரும் கைதட்டவில்லை. மேளமும் நின்றுவிட்டது. களைப்பில் கண் இருட்ட, அவன் ஹேண்டிலில் தலையைச் சாய்த்தான்.

தோளில் துண்டு போட்ட பெரியவர் ஒருவர் ப்ளேன்டீயோடு வந்தார். கன்னையா என்று தன் பெயரைச் சொல்லி, கிளாஸை அவன் கையில் திணித்தார். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு, மூச்சு வாங்கியபடி கேட்டான்.

"நான்தானேங்க மொதல்ல வந்தேன்?"

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமா தம்பி, எழவுக் கொடியப் பாத்து வந்த வெளியூர்ச் சொந்தத்துல நீங்கதான் மொத ஆளு, பெட்டிய மூட முந்தி உள்ள போயி மொகத்தப் பாத்துட்டு வாங்க."