பல் போன ரகசியம்

வைத்தியர் கரடியின் காதோரம் குனிந்து புலி கிசுகிசுத்தது. "டாக்டர், கடைவாய்ப் பல் வரைக்கும் எல்லாம் கொட்டிப்போச்சு. வெளியே தெரிஞ்சா ஒரு முயல்கூட மதிக்காது."

"என்ன இப்படிச் சொல்லிட்டீங்க! நோயாளியோட ரகசியம் எனக்கு உயிர் மாதிரி" என்று நெஞ்சில் கை வைத்த கரடி, ரகசியம் காக்கும் படிவம் ஒன்றை நீட்டியது. எவ்வளவு முறையான ஆஸ்பத்திரி! மனம் குளிர்ந்துபோய்ப் புலி கையெழுத்துப் போட்டது.

கரடி கதவைத் திறந்து, வெளியே காத்திருந்த கூட்டத்தைப் பார்த்துக் கத்தியது. "புலி ஐயாவுக்குப் பல்லே இல்லைங்கிறதை யாருக்கும் சொல்ல மாட்டோம்னு சாட்சிக் கையெழுத்து வேணும். ரெண்டு பேர் வாங்க!"

ரெண்டு பேர் என்ன, இருபது மான்கள் வரிசையில் நின்று போட்டன. கடைசி மான் புலியின் முதுகில் தட்டிக்கொடுத்தது.

"கவலைப்படாதீங்க தாத்தா, நாங்க மூச்சு விட மாட்டோம்."