மரத்தூள் போன வழி

மூன்று தெரு தள்ளி யாராவது தீக்குச்சி கிழித்தால்கூட மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியின் மூக்கு துடிக்கும். அந்த மூக்கோடுதான் மர அறுவை மில்லுக்குள் நுழைந்தார்.

"மரத்தூளை எரிக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டு ரெண்டு மாசமாச்சு. தினமும் காலையில என் வீட்டு ஜன்னல் வழியா மரப்புகை வருது. எங்கய்யா எரிக்கிறீங்க?"

"சத்தியமா எரிக்கல சார்" என்றார் மில் முதலாளி.

அதிகாரி எரிகுழியை எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு பூனை ஐந்து குட்டிகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

"அப்போ மலை மாதிரி குவியுற தூள் எங்க போகுது?"

"கேக்கறவங்களுக்கு மூட்டை கட்டிக் கொடுத்துடறோம்."

"யாருக்கு?"

முதலாளி பக்கத்தில் நின்ற மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி கூரையைப் பார்த்தார்.

"முழிக்கிற முழியே சரியில்லையே! இப்பவே மில்லுக்கு சீல் வைக்கிறேன்." பையிலிருந்து அரக்கை எடுத்தார்.

"ஐயோ, இருபது குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும்!" மேஸ்திரி பதறினார். "சொல்லிடுங்க முதலாளி!"

"சொல்லக் கூடாதுன்னு அந்தம்மா சத்தியம் வாங்கியிருக்காங்களேப்பா."

"எந்த அம்மா?" அதிகாரி உறுமினார்.

முதலாளி அரக்கைப் பார்த்தபடி கேட்டார். "சார், இன்னிக்கு வெந்நீர்லதானே குளிச்சீங்க?"

"ஆமா. அதுக்கென்ன?"

"உங்க வீட்டு ஹீட்டர் கெட்டு ரெண்டு மாசமாச்சாம். ரிப்பேர் பண்ணச் சொல்லிச் சொல்லி உங்க வீட்டம்மாவுக்கு அலுத்துப்போச்சாம். கொல்லைப்புறத்துல அடுப்பு வெச்சிருக்காங்க. வாரம் மூணு மூட்டை தூள் இங்கேருந்துதான் போகுது."

"அது தானாவே சரியாயிடுச்சுன்னுல்ல நினைச்சேன்!"

அதிகாரி அரக்கைப் பைக்குள் திணித்தார்.

மேஸ்திரி பணிவாகக் கேட்டார். "சீல் வைக்க அந்த வீட்டுக்கு வழி காட்டட்டுமா சார்?"